புளிக்கிடங்குக் குழாயில் வந்த குரல்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்தில், ஒரு மனிதன் குளிரில் நடுங்கிச் சாகப் பார்த்தான் என்றால் நம்புவீர்களா? மீசையில் பனி பூத்தது. பல் தட்டிய சத்தத்தில் பம்பைக்காரர்கள் தாளம் தப்பினார்கள். கடைசியில் அவன் போட்ட ஒரே தும்மலில் மாரியம்மன் திருவிழாவே அப்படியே நின்றது.

அந்த மனிதன் நான்தான். காளியப்பன். பொம்மிடி டவுன் பஸ்ஸில் ஆயுசு முழுக்க விசில் ஊதி ஓய்வு பெற்றவன். என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று என் மனைவி காவேரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இன்றைக்கு மட்டும் எதையும் தள்ள வேண்டாம்.

போன வாரம் என் மச்சான் சின்னராஜ் எங்கள் வீட்டிலிருந்து, செருப்பை மாட்டியும் மாட்டாமலும், கோபித்துக்கொண்டு போனான். காவேரியின் தம்பி. புளி வியாபாரி. மாரியம்மன் கோவில் தெருவை ஒட்டி இருக்கும் கிடங்கும், அதற்குள் புளி கறுக்காமல் வைக்கிற குளிர் அறையும் அவனுடையவை. திருவிழாவன்று எங்கள் குடும்பம் போடுகிற பானகப் பந்தலுக்கு வருஷா வருஷம் ஐஸ் கொண்டு வருவதும் அவன்தான். மரத்தூள் அப்பிய ஐஸ் பார்கள் டெம்போவில் வந்து இறங்கும்போது, சாமிக்குக் கொடுக்கிற மரியாதையில் முக்கால்வாசி அந்த டெம்போவுக்குக் கிடைக்கும்.

இந்த வருஷம் என் மருமகள் கலைமதி குறுக்கே நின்றுவிட்டாள்.

"அது மீன் பொட்டிக்குப் போடற ஐஸுங்க மாமா. எந்தத் தண்ணியில செஞ்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? ஐஸுல இருந்தா கிருமி செத்துப் போயிடாது. தூங்கும். பானகத்துல போட்டா எந்திரிச்சுக்கும்."

தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை செய்கிற பெண். கிருமிகளை அவள் சொந்தக்காரர்களைப் போல் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அதில் பானகம் கரைத்து, மூடி போட்ட எவர்சில்வர் டிரம்களில் ஊற்றி, குளிர் அறையில் வைத்துவிட்டால் ஐஸே வேண்டாம் என்பது அவள் திட்டம்.

"ஐஸ் மெதக்காத பானகம் ஒரு பானகமா? அது புளித்தண்ணி!" என்று கத்திவிட்டுப் போனவன்தான் சின்னராஜ்.

நான் என்ன செய்தேன்? அவனிடம் "சரி மாப்ள" என்றேன். அவளிடம் "சரிம்மா" என்றேன். இரண்டு பஸ்ஸுக்கும் ஒரே நேரத்தில் விசில் கொடுத்த கண்டக்டர் உலகத்தில் நான் ஒருவன்தான்.

இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. எங்கள் பந்தலில் முதல் சொம்பு பானகம் வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி யாரோ அவளுக்கு. அவள் வாய் நனைத்த பிறகுதான் ஊர் குடிக்கும். இந்த வருஷம் அது என் மகள் யுவராணி. ஏழு மாதம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில் ஜில்லென்று ஒரு ஜூஸ் குடித்தாள். காமாலை வந்தது. வயிற்றில் இருந்த பிள்ளை போய்விட்டது.

அந்தக் கல்யாணத்துக்கும் ஐஸ் கொண்டுவந்தது சின்னராஜ்தான். அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனும் சொன்னதில்லை.

இனி திருவிழா நாளுக்கு வருகிறேன்.

அன்று அடித்த வெயிலில் தார் ரோட்டில் முட்டை உடைத்து ஊற்றினால் வேகாது, கருகிப் போகும். காக்கைகள் பறக்கச் சோம்பல்பட்டு நிழலில் நடந்து போய்க்கொண்டிருந்தன. சாமி ஊர்வலம் தெருமுனைக்கு வருகிற நேரம். சட்டையையும், அதன் பையில் இருந்த போனையும் பந்தல் காலில் மாட்டிவிட்டு, பனியனும் துண்டுமாக நானும் கலைமதியும், விடியற்காலையில் குளிர் அறையில் வைத்த டிரம்களை எடுத்து வரக் கிடங்குக்குப் போனோம். சாவியைக் காவேரி கொடுத்திருந்தாள். தம்பியின் கிடங்குக்கு அக்காவிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு.

திருவிழா என்பதால் கிடங்கில் ஈ காக்கை இல்லை. குளிர் அறையின் கதவு சாண் தடிமன். உள்ளிருந்து தள்ளித் திறக்கிற குமிழ் உடைந்து நெடுநாளாகிறது. அதனால் கதவைச் சாத்தாமல் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனோம்.

ஆகா! அந்தக் குளிர் முகத்தில் பட்டதும் எனக்கு ஊட்டி, கொடைக்கானல், காஷ்மீர் எல்லாம் ஒரே டிக்கெட்டில் கிடைத்தது. டிரம் மூடியைத் திறந்து சொம்பை உள்ளே விட்டேன்.

"மாமா! வெயில்ல வெந்துட்டு வந்த கையோட ஜில்லுனு கடகடன்னு குடிக்காதீங்க. கொஞ்சம் நில்லுங்க. வேர்வை அடங்கட்டும். அப்பறம் மெதுவா குடிங்க."

"அதுக்குள்ள நா வறண்டு செத்துருவன்டி ஆத்தா."

"சாவ மாட்டீங்க. நான் உத்தரவாதம்."

அப்போதுதான் அந்தச் சத்தம். டம்.

அதைத் தொடர்ந்து இன்னொரு சத்தம். கடக்.

இரண்டு பேரும் திரும்பினோம். கதவு மூடியிருந்தது.

"காத்துல சாத்திக்கிச்சு போல," என்றேன்.

கலைமதி என்னைப் பார்த்தாள். "காத்துக்குத் தாப்பா போடத் தெரியுங்களா மாமா?"

தள்ளினேன். தோளால் இடித்தேன். பழைய டவுன் பஸ்ஸின் பின்கதவையே ஒற்றைத் தோளால் திறந்தவன் நான். இந்தக் கதவு அசையவில்லை. என் தோள்தான் அசைந்தது. இருவரும் கத்தினோம். மேலே சுவரில் இருந்த பெரிய காற்றாடிகள் போட்ட இரைச்சலில் எங்கள் கத்தல் எங்களுக்கே கேட்கவில்லை.

அவள் போனைப் பார்த்தாள். டவர் இல்லை. அறையின் நாலு மூலைக்கும் போய்க் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். தகரமும் தெர்மோகோலும் வைத்து அடைத்த அறை. டவர் வராது.

"யாராவது வருவாங்க," என்றேன்.

"யாரு வருவா? ஊரே சாமி பாக்கப் போயிருக்குது."

வேர்வையில் நனைந்திருந்த பனியன் இப்போது தன் வேலையைக் காட்டியது. முதலில் முதுகு. அடுத்து காது. அதற்கப்புறம் விரல் நுனிகள் எங்கே இருக்கின்றன என்றே எனக்குத் தெரியவில்லை. கலைமதி காலிக் கோணிப் பைகளை எடுத்து வந்து என்னைச் சுற்றிக் கட்டினாள். ஒரு பையின் அடியைக் கிழித்துத் தலை வழியாக மாட்டிவிட்டாள். நான் உரிக்காத புளி மூட்டை மாதிரி நின்றேன்.

"ஈரப் பனியனைக் கழட்டுங்க மாமா."

"மருமக முன்னாலயா?"

"மூட்டைக்குள்ள இருந்துதானே கழட்டறீங்க? நான் திரும்பிக்கறன்."

கழற்றினேன். சுற்றிலும் டிரம் டிரம்மாக ஜில்லென்ற பானகம். வெளியே ஊரே ஒரு வாய்க்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. எனக்கோ ஒரு வாய் சுடுதண்ணீர் கிடைத்தால் என் ஓய்வூதியத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

திடீரென்று காற்றாடிகள் நின்றன. விளக்கும் போனது. கரண்ட் கட்.

அந்த இருட்டு சாதாரண இருட்டு இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாலும் மூடிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்தது. கலைமதி போன் வெளிச்சத்தைப் போட்டாள். அவள் உதடு நீலமாக இருந்தது.

"பயமா இருக்குதாம்மா?"

"எனக்கு இல்லீங்க. யுவராணிய நெனச்சாத்தான்." கோணிப் பையை இழுத்து என் கழுத்தை மூடினாள். "ரெண்டு வருஷம் முன்ன அவளோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணது நான்தானுங்க மாமா. ரிசல்ட் வந்துச்சு. வூட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னு பஸ் ஸ்டாண்டுலயே ஒக்காந்துட்டு இருந்தன்."

எனக்கு அது தெரியாது. அன்று அவள் தாமதமாக வந்ததற்கு, "வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு வூட்டு ஞாபகமே இல்ல" என்று நான் ஏதோ சொல்லியும் இருப்பேன். வாயைத் திறக்கப் போனேன். பல்தான் தட்டியது.

அப்போது பம்பைச் சத்தம் கேட்டது. மெல்லியதாக, எங்கேயோ பக்கத்தில். காற்றாடி ஓடும்போது கேட்காத சத்தம்.

குளிர்ப் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வெளியே போக, இடுப்பு உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. அதன் மறுமுனை கோவில் தெருவில் இருக்கிறது. எங்கள் பந்தலுக்குப் பத்தடி தள்ளி, குள்ளம்மாள் ஆயா நுங்கு விற்கிற இடத்தில். கலைமதி குழாயின் இணைப்பை முறுக்கிப் பிரித்துக் காதை வைத்தாள். நானும் வைத்தேன்.

மைக்கில் ஒரு குரல். திருவிழா ஜெனரேட்டருக்குக் கரண்ட் கட் ஏது?

"பக்த கோடிகளே! ஐஸ் பானகம் வந்துருச்சு! புளித்தண்ணி இல்லீங்க, ஐஸ் மெதக்கற பானகம்! யுவராணி கண்ணு, மொத சொம்புக்கு வாம்மா!"

சின்னராஜ்.

எங்களைக் காணோம் என்றதும் அவன் பந்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் ஐஸைப் போட்டு, வேறு பானகம் கலக்கிவிட்டான்!

"யுவராணி! குடிக்காத!" என்று கலைமதி குழாயில் வாயை வைத்துக் கத்தினாள். நான் கத்தினேன். பம்பையும் உடுக்கையும் அடித்த அடியில் எங்கள் குரல் குழாயைத் தாண்டவில்லை. என் மகள் பத்தடி தூரத்தில் இருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர். கத்தக் கத்தத் தொண்டை புண்ணாகி, எனக்குக் குரல் வரவில்லை; காற்றுதான் வந்தது.

வாழ்நாளில் முதல் முறையாக என்னிடம் பேச்சு இல்லை. நான் டிரம்மைப் பார்த்தேன்.

"கலை! காது கேக்காத ஊருக்குக் கண்ணு இருக்குதில்ல?" என்று காற்றுக் குரலில் கேட்டேன்.

அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நல்ல பிள்ளை. சொம்பை எடுத்து, பானகத்தை மொண்டு மொண்டு குழாயில் ஊற்றினோம். விடிய விடியத் தண்ணீர் காய்ச்சி, ஏலக்காய் தட்டி, சுக்கு இடித்து, துணியில் வடிகட்டிய பானகம். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவந்த பகீரதன்கூட இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்க மாட்டான்.

குழாயில் காதை வைத்தோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குள்ளம்மாள் ஆயாவின் குரல், பம்பையையும் மிஞ்சி:

"அடி ஆத்தாடி! செவுத்துல பானகம் ஊத்துதுடி! ஏலக்கா வாசம் அடிக்குதுடி! மாரியாத்தா கண்ணத் தெறந்துட்டாடி!"

பம்பை நின்றது. உடுக்கை நின்றது. நூறு செருப்பில்லாத கால்கள் ஓடி வருகிற சத்தம். நூறா? ஆயிரம்! "சொம்பக் கொண்டாடி!" "கையில புடி, கையில புடி!" "தீர்த்தம்! தீர்த்தம்!"

கலைமதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ மாமா! இந்தக் குழாய்ல வருஷக் கணக்கா அழுக்குத் தண்ணி போயிருக்குது. இதையும் புடிச்சுக் குடிக்கறாங்களே!"

குழாயில் வாயை வைத்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"குடிக்காதீங்க!"

வெளியே மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"யாரும் குடிக்காதீங்க! இதையும் குடிக்காதீங்க, பந்தல்ல ஐஸ் போட்டதையும் தொடாதீங்க! யுவராணி! சொம்பக் கீழ வை!"

குழாய் வழியே போன அந்தக் குரல் வெளியே எப்படிக் கேட்டதென்று பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். பாதாளத்திலிருந்து வந்ததாம். வேப்பிலைகள் சிலிர்த்தனவாம். தெருவில் நின்றவர்கள் கொத்தாகக் கீழே விழுந்து கும்பிட்டார்களாம்.

"ஆத்தா பேர் சொல்லிக் கூப்பிடறா! யுவராணிங்கறா!"

"தாயே! கொழந்தைக்கு என்ன ஆபத்து தாயே?"

"சொம்பக் கீழ வச்சுட்டாளா?" என்று நான் கலைமதியைக் கேட்கத் திரும்பினேன். கோணிப் பையின் புளித்தூசி மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தேன். அடங்குகிற தும்மலா அது?

நான் தும்மினால் டவுன் பஸ் டிரைவர் பிரேக் போடுவார். அது வதந்தி அல்ல. இரண்டு முறை நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட தும்மல் நேராகக் குழாய்க்குள் போனது.

வெளியே ஒரு குழந்தை அழுதது. அதற்கு மேல் காவேரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"எந்திரிங்கடி எல்லாரும்! சாமிக்கு ஏதுடி சளி? இது எங்க வூட்டுக்காரரு தும்மலு! முப்பத்தஞ்சு வருஷமா காது கிழிஞ்சவ சொல்றன்! அடப் பாவி மனுஷா, இன்னும் குளிர் ரூமுலயா இருக்கற?"

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கலைமதி பக்கத்தில் உட்கார்ந்து என் கைகளைத் தேய்த்துவிட்டாள்.

"மாமா, கதவு தெறக்கறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறன். வெளிய போனா எனக்குத் தைரியம் வராது."

"சொல்லும்மா."

"உங்க பையன் ஓசூர்ல டியூட்டின்னு சொல்லித் திருவிழாவுக்கு வரல இல்லீங்களா? அவருக்கு அங்க டியூட்டி இல்லீங்க. ரெண்டு மாசமா அந்தக் கம்பெனிக்கே அவரு போவல. எங்க போறாருன்னா..."

கடக்.

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. காவேரி பாய்ந்து வந்தாள். கலைமதி வாயை மூடிக்கொண்டாள். என் மகன் நவநீதன் எங்கே போகிறான் என்பது அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அது இன்னொரு நாள் கதை.

வெளியே வந்ததும் வெயில் என்னைக் கட்டிப் பிடித்தது. அதற்கு முன்பு நான் திட்டிய அத்தனைக்கும் சூரியனிடம் மன்னிப்புக் கேட்டேன். யாரோ ஒரு பெண் ஐஸ் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"அத்தை, ஜில்லுனு ஒண்ணும் குடுக்காதீங்க. வெதுவெதுன்னு சக்கரை போட்டுக் குடுங்க," என்றாள் கலைமதி.

தெருவுக்கு வந்தோம். சாமி தெருமுனையில் நிற்கிறது. ஊர் முழுக்க வேர்த்து வழிந்தபடி எங்களையே பார்க்கிறது. கும்பிட்டு விழுந்தவர்கள் முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் பக்தி போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது.

தர்மகர்த்தா மாதவராஜ் மெதுவாக முன்னால் வந்தார். வெள்ளை வேட்டியில் ஒரு பக்கம் புழுதி. அவரும் விழுந்திருக்கிறார்.

"ஏம்மா, ஆத்தா கொரல்ல பேசி ஊரையே கால்ல விழ வைக்கறது வெளையாட்டா?"

"நான் ஆத்தான்னு சொல்லலீங்க பெரியப்பா. குடிக்காதீங்கன்னுதான் சொன்னன். உள்ள மாட்டிக்கிட்டோம். யாரோ வெளிய தாப்பா போட்டுட்டாங்க."

"தாப்பா!" என்று சிரித்தான் சின்னராஜ். மைக் இன்னும் கையிலேயே இருந்தது. "தர்மகர்த்தா ஐயா, கேளுங்க கதைய. சித்திரை மாசத்துல, நட்ட நடு மத்தியானத்துல, எங்க மச்சான் குளுருல நடுங்குனாராம்! இதை நம்பறவங்க கையத் தூக்குங்க பாக்கலாம்!"

கூட்டம் சிரித்தது. நான் நடுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"பாருடா! இன்னும் நடுங்கறன்!" என்று குரலே இல்லாமல் சொன்னேன்.

"அது நடிப்பு. சில்லற இல்லன்னு ஆயுசு முழுக்க பஸ்ஸுல நடிச்சவராச்சே. என் ஐஸை அவமானப்படுத்த மாமனும் மருமகளும் போட்ட நாடகம் இது. அவங்களே உள்ள போயி ஒக்காந்துக்கிட்டாங்க."

"டேய் தம்பி, தாப்பாளத் தெறந்தது நான்டா," என்றாள் காவேரி.

"நீ அவரு பொண்டாட்டிக்கா. வேற எப்படிச் சொல்லுவ?"

அவன் சொன்னதை ஊர் பிடித்துக்கொண்டது. குற்றம் சொல்ல முடியுமா அவர்களை? நான் சொன்ன எதையாவது முழுசாக நம்பியவன் இந்த ஊரில் யார்? நான் வாய் கிழிய விட்ட புருடா எல்லாம் திரும்பி வந்து என் மருமகளைச் சுற்றி வேலி போட்டது. எந்தப் பக்கம் போனாலும் முள்.

மாதவராஜ் தீர்ப்பாகச் சொன்னார்.

"பொழுது போவுது. ஆத்தா வெயில்ல நிக்கறா. அந்தப் பொண்ணு ஈரத்துணியோட வந்து சன்னதியில மன்னிப்புக் கேக்கட்டும். அடுத்த வருஷத்துல இருந்து பானகப் பந்தலை வேற குடும்பம் பாத்துக்கும். இப்ப மொத சொம்பு குடுங்க. இருக்கறதக் குடுங்க. யுவராணி, எடும்மா."

இருக்கிறது என்றால் ஐஸ் பானகம். பந்தல் அண்டாவில் பார் துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. மரத்தூளும் ஒன்றிரண்டு மிதந்தது.

கலைமதி வாய் திறந்தாள். யாரோ, "நீ பேசுனது போதும்," என்றார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர் அறையில் வராத தண்ணீர்.

யுவராணி அண்ணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்துபோய்ச் சொம்பை எடுத்தாள். நேராகச் சின்னராஜ் முன்னால் வந்து நின்றாள்.

அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். அவளுக்குக் காது குத்தியது அவன் மடியில்.

"மாமா," என்றாள். "அண்ணி பொய் சொல்றாங்கன்னு நீங்க சொன்னீங்க. அப்போ கதவ யாரும் சாத்தல. அப்போ இது நல்ல ஐஸுதான். உங்க வாயால ஒரு தரம் சொல்லுங்க. 'குடிம்மா, ஒண்ணும் ஆவாது'ன்னு. குடிச்சுடறன்."

சின்னராஜ் சிரிக்கப் பார்த்தான். "இதுல என்னம்மா... எத்தினி வருஷமா... ஊரே குடிக்குது..."

"ஊரை விடுங்க மாமா. எனக்குச் சொல்லுங்க."

அவன் உதடு அசைந்தது. "குடி" என்பது இரண்டே எழுத்து. அதைச் சொல்ல முடியாமல் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெயிலில் நின்றவனுக்கு என்னைவிட அதிகமாகக் கை நடுங்கியது. மைக் அந்த நடுக்கத்தையெல்லாம் பிடித்து ஒலிபெருக்கியில் கரகரவென்று தெருவுக்கே சொன்னது.

யுவராணி சொம்பைத் தூக்கினாள். உதட்டுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

சொம்பைத் தட்டிவிட்டான். அது போய்ப் பந்தல் காலில் மோதி உருண்டது. ஐஸ் துண்டுகள் தார் ரோட்டில் தெறித்துப் புகைந்தன.

"வேணாஞ் சாமி. குடிக்காத."

 பம்பைக்காரர் வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

"காலையில ஐஸ் கம்பெனியில பாத்தன்," என்றான் சின்னராஜ். தலை நிமிரவில்லை. "துருப்பிடிச்ச தொட்டி. பக்கத்துலயே மீன் கூடை. கண்ணால பாத்தும் ஏத்திக்கிட்டு வந்தன். வேணாம்னு விட்டுட்டு வந்தா, அன்னைக்கிக் கல்யாணத்துல நடந்ததும் என்னாலதான்னு ஆயிடுமேன்னு..."

 காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யுவராணி மட்டும் அசையாமல் நின்றாள்.

"கதவு மாமா?" என்றாள், சன்னமாக.

"ஐஸ் வண்டியோட கிடங்கு வழியா வந்தன். குளிர் ரூம் கதவு தெறந்து கெடந்துச்சு. புளிக்காரன் வூட்டுல பொறந்தவனுக்குத் தெறந்த கதவப் பாத்தா கை சும்மா இருக்காது. கரண்டு வீணாப் போவுதேன்னு இழுத்துச் சாத்தித் தாப்பாளும் போட்டன். உள்ள ஆளு இருக்குதான்னு பாக்கல. ஆத்தா சத்தியமா பாக்கல. குழாயில கலைமதி கொரலக் கேட்ட ஒடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் மைக்கப் புடிச்சுட்டு நின்னன்."

அவன் கலைமதி பக்கம் திரும்பினான். கைகூப்பினான். அதற்குப் பிறகு தர்மகர்த்தாவின் பக்கம்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. எங்க மச்சான் சொன்னது, இந்த ஒரு தடவ, அத்தனையும் நெசம். சித்திரை மாசத்துல குளுருல நடுங்குனாருங்க. நடந்துச்சு. சாத்துனது இந்தக் கைதான்."